நெசவாளர் அடுக்களையில் பீர்க்கங்காய்

நூல் விலையைப் பற்றியும், கடன் தவணையைப் பற்றியும், பங்கு மூலதனத்தைப் பற்றியும் இவ்வேட்டில் மாதந்தோறும் படித்துவரும் அங்கத்தினர்கள், இம்மாதம் ஒரு காய்கறியின் பெயரைத் தலைப்பில் கண்டு வியப்படையக்கூடும். கூட்டுறவுக்கும் அடுக்களைக்கும் என்ன தொடர்பு என்று வினவவும் கூடும். சங்கத்தின் பதிவேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே எழுதப்படும் கூலி, அன்று மாலையே அவரது வீட்டு அடுப்பைச் சென்றடைகிறது. அக்கூலி நல்ல ஆகாரமாக மாறுகிறதா, அல்லது வீண் செலவாகவும் வைத்தியச் செலவாகவும் கரைகிறதா என்பதைச் சங்கம் கவனியாதிருத்தல் முறையன்று. இக்கருத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நெசவாளர் இல்லத்தில் நாம் நேரில் கண்டதனால் நம் மனத்தில் உறுதிப்பட்டது.

கண்டதும் கேட்டதும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கையொப்பமிட வரவேண்டிய முதிய அங்கத்தினர் ஒருவர் வரவில்லை. அவர் உடல்நலமின்றி இருப்பதாகச் சொன்னார்கள். மாலையில் அவரது வீட்டிற்குச் சென்றோம். தறிக்குழியில் ஆளில்லை. பாதி நெய்த சேலை, தறியின்மேல் பழந்துணியால் மூடப்பட்டிருந்தது. பெரியவர் பாயில் படுத்திருந்தார். அரசு மருத்துவமனையிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாராம். நடந்ததை அவரது மனைவியார் கூறினார்.

பெரியவருக்குச் சில ஆண்டுகளாக நீரிழிவு நோய் உண்டு. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் அவருக்கு மாத்திரைகள் வீட்டிற்கே வந்துகொண்டிருந்தன. பீர்க்கங்காயைப் பச்சையாக அரைத்துப் பிழிந்து, அதன் சாற்றை வெறும் வயிற்றில் குடித்துவந்தால் நீரிழிவு அடியோடு அகன்றுவிடும் என்று யாரோ ஒருவர் அவரிடம் கூறியிருக்கிறார். அதை நம்பி அவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டுச் சாற்றைக் குடிக்கலானார். ஒருநாள் சாறு கடுங்கசப்பாக இருந்தது.

“கசந்தால்தான் மருந்து என்று சொன்னாராம், தம்பி. அதனால் ஒரு சொட்டுக்கூட விடாமல் குடித்துவிட்டார்” என்றார் அவ்வம்மையார்.

சற்று நேரத்தில் வாந்தியும் பேதியும் கண்டு அவர் சோர்ந்து விழுந்தார். அண்டை வீட்டார் உடனே ஆட்டோவில் ஏற்றிச் சென்றமையால் உயிர் பிழைத்தார். “இனி அந்தக் காயை வாசற்படி ஏற்றமாட்டேன்” என்று அம்மையார் முடித்தார்.

அவரது மனவருத்தம் நியாயமானதே. ஆயினும் இங்கே நிகழ்ந்தவை இரண்டு தவறுகள். உணவாக உண்ண வேண்டியதை மருந்தென்று நம்பியது முதல் தவறு. அதனால் விளைந்த தீங்கைக் கண்டு நல்ல உணவையே விலக்கிவிடுவது இரண்டாவது தவறு. இவ்விரண்டிற்கும் நடுவே பீர்க்கங்காயின் உண்மையான மதிப்பு யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயும் அதன் இனமும்

பீர்க்கு நம் நாட்டிற்குப் புதியதன்று. பிரிவினால் வாடும் தலைவியின் மேனியில் படரும் பசலைக்குப் பீர்க்கின் மஞ்சள் நிறப் பூவைச் சங்கப் புலவர்கள் உவமை கூறியுள்ளனர். சுரை, பாகல், புடல், பூசணி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இக்கொடி. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் இல்லங்களில் இதனைப் ‘பீரகாய’ என்பார்கள். இலங்கையில் சிங்களவர் ‘வெட்டகொலு’ என்பார்கள். பெயர் எதுவாயினும், நீளவாக்கில் பத்து விளிம்புகளுடன் கூடிய அப்பச்சைக் காயை எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர்.

இதற்கு நெருங்கிய உறவினமான நுரைப்பீர்க்கிற்கு விளிம்புகள் இல்லை; தோல் வழுவழுப்பாக இருக்கும். அது முற்றிக் காய்ந்தபின் தோலையும் விதையையும் நீக்கினால், உள்ளே ஒரு நார்க்கூடு கிடைக்கும். உடம்பு தேய்த்துக் குளிக்க அதனையே பயன்படுத்துகிறோம். நெசவாளர் எவரும் அந்தக் கூட்டை ஒருமுறை கையிலெடுத்துப் பார்த்தால், பாவும் ஊடையுமின்றி இயற்கை நெய்து வைத்திருக்கும் விந்தையைக் கண்டு மகிழ்வர். காட்டிலும் வேலியிலும் தானே முளைக்கும் கசப்பு வகையொன்றும் உண்டு. பேய்ப்பீர்க்கு எனப்படும் அது கறிக்கு உதவாது.

காயிலுள்ள சத்துக்கள்

நம் நாட்டு உணவுப்பொருள்களின் சத்துக்களை அளந்து அட்டவணையிடும் பணி, நமது நீலகிரியிலுள்ள குன்னூரில் செழித்து வளர்ந்த ஒன்று. 1918-ஆம் ஆண்டு சிறு ஆய்வுக்கூடமாகத் தோன்றிய நிலையம், டாக்டர் அய்க்ராய்டு தலைமையில் 1937-ஆம் ஆண்டு இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. பின்னர் அந்நிலையம் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவ்வாய்வுகளின் வழிவந்த அட்டவணையின்படி, 100 கிராம் பீர்க்கங்காயில் ஏறத்தாழ 95 கிராம் தண்ணீரே. புரதம் அரை கிராம். மாவுச்சத்து மூன்றரை கிராம் அளவு. கொழுப்பு இல்லையென்றே கூறலாம். அதனால் கிடைக்கும் வெப்பம் 17 கலோரி மாத்திரமே. சமைக்காத அரிசி 100 கிராமில் கிடைப்பது சுமார் 345 கலோரி என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும்.

இவ்வெண்களைக் கண்டு, ‘இதில் சத்தே இல்லையே’ என்று எண்ண வேண்டா. அந்த இன்மையே நம்மவர்க்கு நன்மையாகிறது. குழித்தறியில் அமரும் நெசவாளருக்குக் கைகளும் கால்களும் ஓய்வின்றி இயங்கினும், உடல் பகல் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது. சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளரோ ஓரிடத்திலேயே நீண்ட நேரம் நிற்கின்றனர். இவர்களது உணவில் பெரும்பகுதி சோறு, குழம்பு சிறிது, காய்கறி மிகச் சிறிது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நெசவாளர் தெருக்களில் நுழைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமென்பதில் ஐயமில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் இரண்டு கரண்டிப் பீர்க்கங்காய்க் கூட்டை வைத்தால் வயிறு நிறையும், மாவுச்சத்து மிகாது. நீரும் நாரும் சேர்வதால் மலச்சிக்கலும் தணியும். எளிதில் ஜீரணமாவதால் முதியோருக்கும் நோயிலிருந்து தேறுவோருக்கும் ஏற்றது.

இதற்குமேல் இக்காய்க்குப் பெருமை கூறப் புகுந்தால் அது உண்மைக்குப் புறம்பாகும். நீரிழிவைத் தீர்க்கும், காமாலையைப் போக்கும், இரத்தத்தைச் சுத்தி செய்யும் என்றெல்லாம் கூறப்படுவதை நம்பி, வைத்தியர் கொடுத்த மருந்தை ஒருவரும் நிறுத்தலாகாது. பீர்க்கங்காய் மாத்திரைக்குத் துணையாக நிற்கும். மாத்திரைக்கு மாற்றாக நில்லாது.

சமைக்கும் முறைகள்

நெசவாளர் இல்லத்தில் பெண்களும் தொழிலாளரே. தார் சுற்றுவதும், பாவுக்கு நூலை ஆயத்தம் செய்வதும், பல வீடுகளில் தறியில் அமர்வதும் அவர்களே. ஆகவே, விரைவில் வேகும் காய்க்கு அவ்வில்லங்களில் தனி மதிப்பு உண்டு. இளம் பீர்க்கங்காய் பத்து நிமிடத்தில் வெந்துவிடும்; எரிபொருளும் மிஞ்சும். சமைக்குமுன் மூன்று விஷயங்களை மனத்திற் கொள்ளவேண்டும். இது தானே நீர்விடுவதாகையால் வதக்கும்போது தண்ணீர் சேர்க்க வேண்டியதில்லை. வெந்தபின் அளவு பாதியாகக் குறைந்துவிடுமாதலால் உப்பை இறுதியில்தான் இடவேண்டும். முதலிலேயே இட்டால் கரித்துவிடும். மூன்றாவதாக, ஒவ்வொரு காயையும் நறுக்குமுன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். இதன் காரணம் பின்னர் கூறப்படும்.

முதலாவது, பாசிப்பருப்புக் கூட்டு. ஐந்து பேருக்கு அரைக்கிலோ இளங்காயும் 100 கிராம் பாசிப்பருப்பும் போதும். பருப்பை மஞ்சள்தூள் சேர்த்து மலர வேகவைத்துக்கொள்ள வேண்டும், குழைந்துவிடலாகாது. விளிம்புகளைச் சீவி நறுக்கிய காயையும், ஐந்தாறு சின்ன வெங்காயத்தையும், கீறிய பச்சைமிளகாய் இரண்டையும் பருப்புடன் சேர்த்து மிதமான தீயில் வேகவிட வேண்டும். இரண்டு மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவலும் அரைத் தேக்கரண்டிச் சீரகமும் அரைத்துக் கலந்து, ஒரு கொதி வந்ததும் உப்பிட்டு இறக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கூட்டு ஆயிற்று. 100 கிராம் பாசிப்பருப்பில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. ஐவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்து கிராம் அளவு கிடைக்கும். காயில் இல்லாததைப் பருப்பு தருகிறது. பருப்பின் கனத்தைக் காய் இலேசாக்குகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்யும் இதுவும் ஒருவகைக் கூட்டுறவே.

இரண்டாவது, தோல் துவையல். பலர் விளிம்புகளையும் தோலையும் சீவிக் குப்பையில் எறிகின்றனர். அது வாங்கிய காசில் ஒரு பகுதியை எறிவதாகும். அரைக்கிலோ காயின் தோலை உப்புநீரில் நன்றாகக் கழுவிப் பொடியாக நறுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாய் வற்றல் நான்கும் சிறிது பெருங்காயமும் வறுத்தெடுத்து, அதே எண்ணெயில் தோலைப் பச்சை வாடை நீங்கும்வரை வதக்கவேண்டும். கொட்டைப்பாக்களவு புளி, மூன்று பல் பூண்டு, சிறிது தேங்காய், உப்பு ஆகியவற்றுடன் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அம்மியில் அரைத்தால் சுவை மிகும். அவகாசமில்லாதவர் மிக்சியில் அரைத்துக்கொள்ளலாம். பருப்பைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினால் பல்லில் நறுக்கென்று படும். சுடுசோற்றுக்கும், இட்லிக்கும், காலைப் பழஞ்சோற்றுக்கும் இது இனிய துணை. ஒரே காயில் நண்பகலுக்குக் கூட்டும் இரவுக்குத் துவையலுமாக இரண்டு வேளைக் கவலை தீர்கிறது.

மூன்றாவது, எள்ளுப் பச்சடி. தெலுங்கு பேசும் இல்லங்களின் வழக்கத்தை ஒட்டியது இது. தோலோடு கூடிய இளங்காயைப் பச்சைமிளகாயுடன் வதக்கி, வறுத்த எள் இரண்டு மேசைக்கரண்டி, புளி, உப்பு சேர்த்து அரைத்துத் தாளிக்க வேண்டும். எள்ளில் சுண்ணாம்புச் சத்து உண்டாகையால், பால் வாங்க இயலாத இல்லங்களுக்கு இது பெரிதும் உதவும்.

நான்காவது, தேங்காய்ப்பால் கறி. யாழ்ப்பாணத்தில் இம்முறை வழக்கம். வெங்காயமும் மிளகாயும் சேர்த்துக் காயை வேகவிட்டு, இறக்குமுன் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் இடியப்பத்திற்கு ஏற்றது. கொழுப்பைக் குறைக்கவேண்டியவர்கள் இதனை எப்போதேனும் உண்பது நலம். பீர்க்கங்காய் பஜ்ஜியும் அப்படியே. சுவையில் குறைவில்லையெனினும் காயின் இலேசான தன்மை எண்ணெயில் மறைந்துவிடுகிறது. பண்டிகை நாளோடு அது நிற்கட்டும்.

கசப்பு: ஓர் எச்சரிக்கை

இனி நாவில் வைத்துப் பார்க்கவேண்டிய காரணத்தைக் கூறுவோம். பீர்க்கு, சுரை, வெள்ளரி முதலிய கொடிகளில் குக்கர்பிட்டாசின் என்னும் கசப்பு நஞ்சு இயற்கையாகவே உண்டு. நல்ல ரகங்களில் அது மிகச் சொற்பம். காட்டு வகையோடு மகரந்தம் கலந்த விதையினாலும், கடும் வறட்சி போன்ற நெருக்கடியினாலும் சில காய்களில் அது மிகுந்துவிடும். வேகவைப்பதனால் அது முற்றிலும் அழிவதில்லை. கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துப் பலர் நோயுற்றதும், சிலர் உயிரிழந்ததும் நம் நாட்டில் நிகழ்ந்ததால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதனை ஆராய்ந்து, கசக்கும் சாற்றை அருந்தலாகாதென்று எச்சரித்தது. பீர்க்கங்காயும் அதே குடும்பத்தது.

பாகற்காயின் கசப்பு வேறு. அது அக்காயின் இயல்பு. பீர்க்கங்காயின் கசப்போ அபாய அறிவிப்பு. ‘கசந்தால்தான் மருந்து’ என்ற எண்ணம் இங்கே உயிருக்கே உலை வைக்கும். கசக்கும் காயை எறிந்துவிட வேண்டும். அறியாமல் உண்டு வாந்தியும் வயிற்றுவலியும் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பச்சைச் சாறாக்கிக் குடிக்கும் வழக்கத்தை அறவே விடுதல் நன்று.

பயிரிடுவோர் கவனத்திற்கு

ஆடி, தை ஆகிய இரு பட்டங்களிலும் பீர்க்கு விதைக்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, கோ 2 ரகங்களும், பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ரகமும் நம்மவர் அறிந்தவை. ஓரடிக் குழியெடுத்து, பத்துக் கிலோ தொழுவுரம் இட்டு, ஐந்து விதை ஊன்றி, பதினைந்தாம் நாள் இரண்டு நல்ல செடிகளை மட்டும் நிறுத்திப் பந்தலில் ஏற்றவேண்டும். நன்றாகப் பேணினால் சுமார் 125 நாட்களில் ஏக்கருக்கு ஆறு டன் அளவு விளைச்சல் எதிர்பார்க்கலாம்.

பீர்க்கம்பூ மாலை நேரத்தில் மலர்வது. இரவில் அந்துப்பூச்சிகள் மகரந்தம் சேர்க்கின்றன. ஆகவே, மாலையில் மருந்து தெளிப்பவர் தமக்குக் காய் தரும் துணைவரையே கொல்லுகிறார். பழ ஈ தாக்கி உதிர்ந்த காய்களைப் பொறுக்கி அழித்துவிட்டால் அடுத்த தாக்குதல் குறையும். தோலையும் மக்கள் உண்ணுகிறார்கள் என்பதை நினைவிற் கொண்டு, மருந்து தெளித்தபின் குறித்த நாட்கள் கழியாமல் காய் பறிக்கலாகாது. காய்கள் முற்றுமுன் அடிக்கடி பறித்தால்தான் கொடி தொடர்ந்து காய்க்கும். கசப்புக் காய்க்கும் கொடியைக் கண்டால் அதனை வேரோடு களைவதும், அதிலிருந்து விதை எடுக்காதிருப்பதும் பயிரிடுவோரின் கடமை.

நெசவாளரும் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி இடலாம். பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் இரண்டு கொடிகளைக் கூரைமீது படரவிட்டால், சில மாதங்களுக்கு ஒரு குடும்பத்தின் தேவையில் ஒரு பகுதி நிறைவேறும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். மேற்கே மலையடிவாரத்தில் கிணற்றுப் பாசனத் தோட்டங்கள், ஊருக்குள் தறிகள். காய் மலிந்த நாளில், பறிகூலிக்குக்கூட விலை வரவில்லையென்று தோட்டக்காரர் காயைக் கொடியிலேயே முற்றவிடுகிறார். அதே நாளில் நெசவாளர் வீட்டு அம்மையார், விலை கேட்டுவிட்டுக் கால் கிலோவோடு திரும்புகிறார். இருவரும் கூட்டுறவு அங்கத்தினரே. இருவருக்கும் நடுவே பாலம் இல்லை என்பதே குறை.

இது தீர்க்க இயலாத குறையன்று. 1904-ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் சிலர் கூடி, அன்றாடப் பண்டங்களை நியாய விலையில் பெறவே ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 2013-ஆம் ஆண்டு சென்னையில் கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகள் காய்கறி விற்கத் தொடங்கின. அத்துணைப் பெரிய முயற்சி நமக்குத் தேவையில்லை. கூலி வழங்கும் நாளன்று, நெசவாளர் சங்கத்தின் வாயிலில் தோட்டக்காரர் சங்கம் ஒரு தராசு வைத்தால் போதும். எத்தனை கிலோ வேண்டுமென்பதை முதல்நாளே குறித்துக்கொண்டால் காய் மீதமாகி வாடாது. விலையை இரு சங்கத்தாரும் கூடி நிர்ணயித்துப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். ரொக்கத்திற்கே விற்க வேண்டும். கடன் எழுதத் தொடங்கினால் இம்முயற்சி மூன்று மாதமும் நிலையாதென்பதைப் பல கணக்குப் புத்தகங்களைப் பார்த்த அனுபவத்தில் கூறுகிறோம்.

அண்மையில் அப்பெரியவர் இல்லத்திற்கு மீண்டும் சென்றோம். தறி இயங்கிக்கொண்டிருந்தது. மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்வதாக அவர் கூறினார். அடுக்களையில் அம்மையார் ஒரு பீர்க்கங்காயின் நுனியை நறுக்கி நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது தித்திப்புத்தான், தம்பி, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்” என்றார். அன்று அவ்வீட்டுக் கூட்டின் சுவையை நாமும் அறிந்தோம்.

விளைவிப்போர் கவனத்துடன் விளைவிக்கட்டும். சமைப்போர் சுவைத்துப் பார்த்துச் சமைக்கட்டும். சங்கங்கள் இவ்விருவரையும் இணைக்கட்டும். வரும் ஆடிப்பட்டத்திற்குள் ஒரு சங்கமேனும் தன் வாயிலில் அத்தராசை நிறுத்துமாயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் பெற்றவராவோம்.